போட்ட வகைக்கெழு சரியா? வரைபடத்திடம் கேளுங்கள்

வகைக்கெழு போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போட்டது சரியா என்று கேட்டால் உடனே புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போகிறவர்களும் நிறையப் பேர். தேர்வறைக்கு அந்தக் கடைசிப் பக்கம் வராது. ஆனால் சார்பின் வரைபடத்தைத் தோராயமாகக் கிறுக்கிப் பார்க்க ஒரு பென்சில் போதும். நாம் செய்த பெரும்பாலான தவறுகளை அந்தக் கிறுக்கலே காட்டிக்கொடுத்துவிடும்.

பதினொன்றாம் வகுப்பில் வகை நுண்கணிதத்தை முதல்முறை பார்ப்பவர்களுக்கும், எப்போதோ படித்து மறந்துவிட்டு மறுபடி தொடுகிறவர்களுக்கும் இது. கையில் ஒரு வரைபடத்தாள், ஒரு கால்குலேட்டர், முடிந்தால் இணையம் உள்ள ஒரு போன் இருந்தால் நல்லது. படித்துக்கொண்டே போகாமல் கூடவே போட்டுப் பாருங்கள். சொற்களைப் பற்றி ஒரு வரி: தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வகைக்கெழு, சாய்வு என்று சொல்வதை இலங்கையில் பெறுதி, படித்திறன் என்பார்கள். நான் முதல் வகையையே எழுதுகிறேன்.

முதலில், இது எதைச் சொல்கிறது?

பேருந்தில் நின்றுகொண்டு போகிறீர்கள். எவ்வளவு தூரம் வந்தோம் என்பது ஒரு சார்பு. ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் வேகமுள் காட்டுவது அந்தத் தூரத்தின் முதல் வகைக்கெழு: இந்த நொடியில் தூரம் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பது. இரண்டாம் வகைக்கெழுவுக்கு முள் வேண்டாம், உங்கள் உடம்பே போதும். சீரான 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிரேக் பிடித்தால் முன்னால் சரிகிறீர்கள், சட்டென்று எடுத்தால் பின்னால் சாய்கிறீர்கள். வேகம் மாறும் விகிதம்தான் உங்களைத் தள்ளுகிறது. அதுதான் முடுக்கம், அதுதான் இரண்டாம் வகைக்கெழு.

வரைபடத்தில் இதையே இப்படிப் பார்க்கலாம். வளைகோட்டில் ஒரு புள்ளியில் தொடுகோடு வரைந்தால் அதன் சாய்வு முதல் வகைக்கெழு. வளைகோட்டின் மேல் இடமிருந்து வலமாக நடந்துகொண்டே போனால் அந்தச் சாய்வு கூடுகிறதா, குறைகிறதா என்பது இரண்டாம் வகைக்கெழு. கிண்ணம் போல வளைந்திருக்கும் இடத்தில் சாய்வு கூடிக்கொண்டே போகும்; அங்கே இரண்டாம் வகைக்கெழு மிகை. கவிழ்த்த கிண்ணம் போல இருந்தால் குறை.

குறியீடு இரண்டு விதமாக வரும். dy/dx என்பது கணிதவியலாளர் லைப்னிட்ஸ் 1684-இல் அச்சிட்ட கட்டுரையின் வழி வந்தது. f'(x) என்று மேலே ஒரு கோடு போடும் வழக்கம் இன்னொரு கணிதவியலாளரான லக்ராஞ்சுடையது, 1797-ஆம் ஆண்டு நூலில் வருவது. இரண்டும் ஒன்றேதான். வரைபடச் செயலிகளில் தட்டுவதற்கு லக்ராஞ்சு முறை வசதி, அதனால் இங்கே அதையே பிடித்துக்கொள்வோம்.

கையால் போடுவது

ஆரம்பத்துக்கு ஒரே ஒரு விதி போதும். x-இன் அடுக்கை முன்னால் இறக்கிப் பெருக்குங்கள், அடுக்கில் ஒன்றைக் குறையுங்கள். x³ என்பது 3x² ஆகும். x² என்பது 2x ஆகும். வெறும் x என்பது 1 ஆகும். தனியாக நிற்கும் எண் மறைந்துவிடும், ஏனென்றால் மாறிலிக்கு மாற்றமே கிடையாது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மந்திரம் மாதிரி ஆகிவிடும். x²-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். x-இலிருந்து h அளவு தள்ளிப் போனால் மதிப்பு (x+h)² ஆகிறது. மாற்றம் 2xh + h². அதை h-ஆல் வகுத்தால் 2x + h. h-ஐச் சுருக்கிக்கொண்டே போனால் 2x மட்டும் மிஞ்சும். அவ்வளவுதான்.

சரி, இனி நம்முடைய சார்பு. கட்டுரையின் பெரும்பகுதிக்கு இதுதான் கூட வரும்:

f(x) = x³ − 6x² + 9x + 1

உறுப்பு உறுப்பாகப் போனால்:

f'(x) = 3x² − 12x + 9

இதையே மறுபடி வகையிட்டால்:

f''(x) = 6x − 12

இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். முதல் வகைக்கெழுவைக் காரணிப்படுத்துங்கள்: 3(x − 1)(x − 3). ஆக x = 1, x = 3 ஆகிய இரண்டு இடங்களில் சாய்வு பூச்சியம். இரண்டாம் வகைக்கெழு x = 2-இல் பூச்சியம். x = 1-இல் அது −6, அதாவது கவிழ்ந்த கிண்ணம், எனவே அங்கே இருப்பது மேடு. x = 3-இல் +6, எனவே பள்ளம். மேட்டின் உயரம் f(1) = 5, பள்ளத்தின் உயரம் f(3) = 1. நடுவில் x = 2-இல் f(2) = 3; வளைவு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திரும்பும் இடம் அது, வளைவு மாற்றப் புள்ளி.

படம் வரைவதற்கு முன்னால் ஒரு சின்ன வித்தை

இது பாடநூலில் பொதுவாக இந்த இடத்தில் வராது, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. x = 0, 1, 2, 3, 4 என்று போட்டு மதிப்புகளை வரிசையாக எழுதுங்கள்:

1, 5, 3, 1, 5

பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம்:

4, −2, −2, 4

அந்த வித்தியாசங்களின் வித்தியாசம்:

−6, 0, 6

கடைசி வரியைப் பாருங்கள். x = 1, 2, 3-இல் f'' சொன்ன மதிப்புகளும் −6, 0, 6 தான். ஒரு சூத்திரமும் இல்லாமல், வெறும் கழித்தலில் இரண்டாம் வகைக்கெழு வந்து நிற்கிறது. மூன்றாம் படி வரைக்கும் உள்ள பல்லுறுப்புக் கோவைகளுக்கு இது அச்சுப் பிசகாமல் பொருந்தும். நான்காம் படிக்குப் போனால் கொஞ்சம் தள்ளிப்போகும், அப்போது 1-க்குப் பதில் சிறிய இடைவெளியாக எடுத்து, இடைவெளியின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்.

நடு வரியில் இருப்பது சாய்வின் தோராயம். 4, −2, −2, 4 என்பதில் குறி மாறும் இடங்களைக் கவனியுங்கள்: முதலில் ஏறியது, பிறகு இறங்கியது, பிறகு ஏறியது. ஒரு மேடு, ஒரு பள்ளம். தேர்வில் இந்த மூன்று வரியை விடைத்தாளின் ஓரத்தில் போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒரு குறிப்பிட்ட புள்ளியில் சாய்வைச் சோதிக்க வேண்டுமானால் கால்குலேட்டரை எடுங்கள். x = 2-இல் f' சொல்வது −3. இரு பக்கமும் 0.01 தள்ளி மதிப்பு எடுப்போம். f(2.01) = 2.970001, f(1.99) = 3.029999. கழித்தால் −0.059998, அதை 0.02-ஆல் வகுத்தால் −2.9999. போதும், சரி. ஒரு பக்கம் மட்டும் தள்ளி எடுப்பதைவிட இப்படி இருபக்கமும் தள்ளி எடுப்பது பொதுவாக உண்மைக்கு நெருக்கமாக வரும்.

தாளில் மூன்று மாடி

வரைபடத்தாளை நெட்டுவாக்கில் வையுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று அச்சுத் தொகுதி: மேலே f, நடுவில் f', கீழே f''. மூன்றுக்கும் x-அச்சின் அளவுத்திட்டம் ஒன்றாகவே இருக்க வேண்டும், 0-வும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைய வேண்டும். இதில் சோம்பல் பட்டால் பிறகு செய்வது எல்லாம் வீண். 2 செ.மீ. = 1 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள், 0 முதல் 4 வரை வரைந்தால் போதும்.

y-அச்சுகளுக்கு ஒரே அளவு தேவையில்லை. f இந்த இடைவெளியில் 1-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கிறது, அதற்கு 1 செ.மீ. = 1. f' −3 முதல் 9 வரை போகும், அதற்கு 1 செ.மீ. = 3. f'' −12 முதல் 12 வரை, அதற்கு 1 செ.மீ. = 6. மூன்றும் ஒரே ஏ4 தாளில் தாராளமாக அடங்கும்.

வரைந்து முடித்ததும் அளவுகோலைச் செங்குத்தாக x = 1-இல் வையுங்கள். மேல் மாடியில் மேட்டின் உச்சி. நடு மாடியில் வளைகோடு அச்சை மேலிருந்து கீழாக வெட்டுகிறது. கீழ் மாடியில் நேர்கோடு அச்சுக்குக் கீழே இருக்கிறது. அளவுகோலை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். x = 2 வந்ததும் மேலே வளைவு திரும்புகிறது, நடுவில் பரவளையம் தன் அடிமட்டத்தை, −3-ஐத் தொடுகிறது, கீழே நேர்கோடு பூச்சியத்தைக் கடக்கிறது. x = 3-இல் பள்ளம், நடுவில் கீழிருந்து மேலாக வெட்டு, கீழே மிகை.

இந்த நகர்த்தலில் ஒரு விஷயம் தானாகப் புரியும். மேல் மாடிக்கும் நடு மாடிக்கும் என்ன உறவோ அதேதான் நடு மாடிக்கும் கீழ் மாடிக்கும். f'' என்று புதிதாக ஒன்று இல்லை. அதே வேலையை இரண்டாவது தடவை செய்கிறோம், அவ்வளவுதான். முப்படிக் கோவை, பிறகு பரவளையம், பிறகு நேர்கோடு: ஒவ்வொரு மாடி இறங்கும்போதும் படி ஒன்று குறைகிறது. f' போட்டபின் படி குறையவில்லை என்றால் எங்கேயோ தவறு, மேலே பார்க்கவே வேண்டாம்.

தொடுகோட்டைக் கண்ணால் குத்துமதிப்பாக வரைந்தால் பெரும்பாலும் கோணலாகப் போகும். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை, x = 2-இல் வளைகோட்டின் குறுக்கே தாளின்மேல் நிமிர்த்தி வையுங்கள். தாளில் தெரியும் கோடும் கண்ணாடிக்குள் தெரியும் கோடும் சேரும் இடத்தில் ஒரு முறிவு தெரியும். முறிவு மறைந்து இரண்டும் ஒரே கோடாக ஓடும்வரை கண்ணாடியைத் திருப்புங்கள். இப்போது கண்ணாடியின் அடிவிளிம்பு வளைகோட்டுக்குச் செங்குத்து. அதை ஒட்டிக் கோடு கிழித்து, மூலைமட்டத்தால் அதற்குச் செங்குத்து வரைந்தால் கிடைப்பது தொடுகோடு. நம் அளவுத்திட்டத்தில் அது வலப்பக்கம் 2 செ.மீ. போனால் 3 செ.மீ. இறங்க வேண்டும். தாளில் −1.5 போலத் தெரிவது உண்மையில் −3, ஏனென்றால் x-அச்சில் 2 செ.மீ. என்பது 1 அலகு. அளவுத்திட்டம் வேறு வேறாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியும் சரிவை நம்பாமல் அலகில் மாற்றிப் படியுங்கள்.

திரையில்

ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் ஆகிய இரண்டு வரைபடச் செயலிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜியோஜீப்ராவை 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுநிலை ஆய்வாக ஆரம்பித்தவர் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர்; பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்தது என்பது பயன்படுத்தும்போதே தெரியும். எதை எடுத்தாலும் முதல் வரியில் இப்படித் தட்டுங்கள்:

f(x) = x^3 − 6x^2 + 9x + 1

அடுத்த வரியில் f'(x), அதற்கடுத்து f''(x). இரண்டாவதற்கு இரட்டை மேற்கோள் குறி போடக்கூடாது, ஒற்றைக் குறியை இரண்டு முறை தட்ட வேண்டும். பலர் "வரவே மாட்டேன் என்கிறது" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான்.

இப்போது செயலி போட்ட f' திரையில் இருக்கிறது. உங்கள் நோட்டில் இருப்பதை g(x) என்று தட்டுங்கள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சரி என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதோடு நிறுத்த மாட்டேன். y-அச்சு ஆயிரக்கணக்கில் விரிந்திருக்கும்போது ஒரு அலகு வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதற்குப் பதில் f'(x) − g(x) என்று ஒரு வரி தட்டுங்கள். சரியாக இருந்தால் அது x-அச்சின்மேல் படுத்துவிடும். தவறாக இருந்தால், அது எடுக்கும் உருவமே எந்த உறுப்பில் தவறு என்று சொல்லிவிடும்.

எப்படி என்று பாருங்கள். கடைசி 1 மறைய வேண்டியது, அதை மறக்காமல் கூட்டி 3x² − 12x + 10 என்று எழுதிவிட்டீர்கள். வித்தியாசம் −1-இல் ஒரு கிடைக்கோடு. கிடைக்கோடு வந்தால் தவறு மாறிலியில். 6x²-ஐ வகையிடும்போது அடுக்கை இறக்கிப் பெருக்காமல் −6x என்று போட்டிருந்தால் வித்தியாசம் ஆதிப்புள்ளி வழியாகப் போகும் சாய்கோடு. x உறுப்பில் தேடுங்கள். 3x²-க்குப் பதில் x² என்று போட்டிருந்தால் ஒரு கிண்ணம் வரும். முழு விடையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டியதில்லை, அந்த உறுப்பை மட்டும் திருத்தினால் போதும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நோட்டில் போடுவதற்கு முன்பே செயலியில் f' தட்டிப் பார்த்துவிட்டால் இந்தப் பயிற்சியில் ஒன்றும் மிச்சமிருக்காது.

வகுத்தலில் விழுந்த குறி

என் அக்கா மகன் ஒரு நாள் இரவு இந்தச் சார்போடு வந்தான்: f(x) = x/(x² + 1). பின்ன வடிவச் சார்புகளை வகையிடும் வகுத்தல் விதியில் அவன் வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தான், கீழே உள்ளதின் வகைக்கெழுவை முதலில் எடுத்துவிட்டான். விடை (x² − 1)/(x² + 1)² என்று வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பூச்சியமாகும் இடங்களும் x = 1, x = −1 என்று சரியாகவே வந்தன. அதனால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

நான் விதியைப் பற்றிப் பேசவில்லை. "x பூச்சியத்துக்குப் பக்கத்தில் இந்தச் சார்பு எப்படிப் போகும்?" என்று மட்டும் கேட்டேன். x சின்னதாக இருந்தால் கீழே ஏறக்குறைய 1, ஆக சார்பு ஏறக்குறைய x மாதிரியே இருக்கும், ஏறிக்கொண்டு போகும் என்றான். அவனுடைய சூத்திரத்தில் x = 0 போட்டால் −1. ஏறுகிற இடத்தில் இறங்குகிறது என்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "குறி" என்றான், ரப்பரை எடுத்தான்.

சரியான விடைகள் இவை:

f'(x) = (1 − x²)/(x² + 1)²

f''(x) = (2x³ − 6x)/(x² + 1)³

இரண்டாவதைச் சோதிக்க x = 1 போடுங்கள். மேலே −4, கீழே 8, விடை −0.5. x = 1-இல் வரைபடம் 0.5 உயரத்தில் மேடு கட்டுகிறது, மேட்டில் குறை வர வேண்டும், வந்திருக்கிறது. f'' பூச்சியமாகும் இடங்கள் 0, √3, −√3. அதாவது 1.732-க்குப் பக்கத்தில், மேட்டைத் தாண்டி இறங்கும் வழியில், கவிழ்ந்திருந்த வளைவு நிமிரத் தொடங்க வேண்டும். திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய திருப்பம்தான், ஆனால் இருக்கிறது.

பூச்சியமாகும் இடங்கள் சரியாக வந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஓர் இடத்தில் குறியையும் பார்க்க வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு அவன் f'(0)-ஐ ஒரு பழக்கமாகவே போட்டுப் பார்க்கிறான்.

வரைபடமும் ஏமாற்றும்

படத்தை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். x³ − 0.03x என்று தட்டிப் பாருங்கள். செயலி வழக்கமாகக் காட்டும் சாளரத்தில் அது அப்படியே x³ போலத்தான் இருக்கும், மேடும் இல்லை பள்ளமும் இல்லை. ஆனால் வகைக்கெழு 3x² − 0.03, அது x = 0.1, −0.1 ஆகிய இடங்களில் பூச்சியமாகிறது. மேட்டின் உயரம் வெறும் 0.002. கணக்கு "இருக்கிறது" என்று சொன்னால் அந்த இடத்தைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் "இல்லை" என்று சொல்ல வேண்டும்.

f'' பூச்சியமானால் வளைவு மாற்றப் புள்ளி என்று எழுதிவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. x⁴-க்கு f'' = 12x². x = 0-இல் பூச்சியம்தான். வரைபடத்தில் அங்கே எந்தத் திருப்பமும் இல்லை, இரு பக்கமும் கிண்ணமே. f''-இன் வரைபடம் அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது, கடந்து போகவில்லை. கடந்தால்தான் குறி மாறும், குறி மாறினால்தான் திருப்பம்.

|x| போலக் கூர்முனை உள்ள சார்புகளுக்கு முனையில் வகைக்கெழுவே கிடையாது. எது வளைவு, எது முனை என்று சந்தேகம் வந்தால் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். வளைவு போகப் போக நேர்கோடாகிவிடும், முனை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் முனையாகவே இருக்கும்.

அப்புறம் கோணங்கள். சைன் சார்பின் வகைக்கெழு கொசைன் என்பது ரேடியனில் மட்டும்தான். கால்குலேட்டர் பாகையில் இருந்தால் 0-வில் சாய்வு 1 வராது, 0.01745 வரும். அது π/180. இந்த எண் எங்காவது எட்டிப் பார்த்தால் கணக்கைத் திருத்தாதீர்கள், கால்குலேட்டரின் அமைப்பைத் திருத்துங்கள்.

அட்டைப் பெட்டியில் போட்டுப் பார்ப்போம்

24 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டை. நான்கு மூலையிலும் x செ.மீ. சதுரம் வெட்டி, ஓரங்களை மடக்கினால் மூடியில்லாத பெட்டி. கொள்ளளவு:

V(x) = x(24 − 2x)²

எந்த x-க்கு அதிகம்? பெருக்கல் விதியும் (இரண்டு சார்புகளின் பெருக்கலுக்கு) சங்கிலி விதியும் (ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருந்தால்) சேர்ந்து வருகின்றன, எனவே தவறு செய்ய நல்ல வாய்ப்பு. பலர் (24 − 2x)²-ஐ வகையிடும்போது உள்ளே இருக்கும் −2-ஐ மறந்துவிடுவார்கள். மறந்தால் V' = 24(24 − 2x) என்று வரும், x = 12-இல் மட்டும் பூச்சியம். சரியாகப் போட்டால்:

V'(x) = (24 − 2x)(24 − 6x)

x = 12, x = 4. எது சரி என்று வரைபடத்திடம் கேளுங்கள். V(3) = 972, V(4) = 1024, V(5) = 980. மேடு 4-இல் நிற்கிறது. −2-ஐ மறந்தவர்களுக்கு அந்த மேடே காணாமல் போயிருக்கும்.

திரையில் தட்டும்போது வழக்கமான சாளரத்தில் கிட்டத்தட்ட செங்குத்தான ஒரு கோடு மட்டும் தெரியும். x-ஐ 0 முதல் 12 வரை, y-ஐ 0 முதல் 1100 வரை மாற்றுங்கள். 12-க்கு அப்பால் விட்டால் கோடு மறுபடி மேலே ஏறும், V(13) = 52 என்று செயலி கூசாமல் காட்டும். அங்கே வெட்ட அட்டை இல்லை. x = 12-இல் கணக்குச் சொல்லும் பள்ளமும் பெட்டியே இல்லாத நிலைதான்.

V'-ஐ விரித்தால் 12x² − 192x + 576, ஆகவே V''(x) = 24x − 192. x = 4-இல் −96, மேடுதான். x = 8-இல் பூச்சியம். அங்கே V = 512, சரிவு −192, இறங்கும் வழியிலேயே மிகவும் செங்குத்தான இடம்.

இப்போது கத்தரிக்கோலை எடுங்கள். 4 செ.மீ.-க்குப் பதில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக, 4.1 வெட்டிவிட்டீர்கள். சாய்வு அங்கே பூச்சியம், அதனால் இழப்பை V''-தான் முடிவு செய்யும்: 96-இல் பாதி, அதை 0.1-இன் வர்க்கமான 0.01-ஆல் பெருக்கினால் 0.48 கன செ.மீ. நேரடியாகப் போட்டுப் பாருங்கள், V(4.1) = 1023.524, இழப்பு 0.476. அதே ஒரு மில்லிமீட்டர் பிசகு 8-இல் நடந்தால்? சாய்வு −192, 0.1-ஆல் பெருக்கினால் 19.2 கன செ.மீ. இழப்பு. V(8.1) = 492.804, உண்மையான இழப்பு 19.196.